மக்கு உரம் பற்றவில்லையா? பாத்தி காட்டும் அறிகுறியிலிருந்து தொடங்குங்கள்

முதலில் ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டர் பாத்தியின் மேல் 2.5 செ.மீ. கனத்துக்கு மக்கு உரம் பரப்ப 25 லிட்டர் வேண்டும். பத்து சதுர மீட்டர் தோட்டம் என்றால் 250 லிட்டர். குவித்து வைத்த கழிவு மக்கி முடியும்போது பாதிக்கும் கீழே வற்றிவிடும். அதாவது 250 லிட்டர் உரம் எடுக்க 500 லிட்டருக்கு மேல் கழிவு சேர்க்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு ஆண்டும். ஒரு வீட்டின் சமையல் கழிவு மட்டும் பெரும்பாலும் இந்த அளவை எட்டாது. ஆகவே உங்கள் தொட்டி காலியாகவே இருக்கிறது என்றால் நீங்கள் எதையும் தவறாகச் செய்யவில்லை. கணக்கே அப்படித்தான்.

இந்த நிலையில் பலரும் இருக்கிற இரண்டு வாளி உரத்தைத் தோட்டம் முழுக்கத் தூவிவிடுகிறார்கள். இரண்டே வாரத்தில் அது இருந்த இடம் தெரியாது. நான் வேறு வழி சொல்கிறேன். மக்கு உரம் மண்ணில் மூன்று வேலை செய்கிறது: செடிக்குச் சத்து தருகிறது, மண்ணைப் பொலபொலவென்று ஆக்கி ஈரம் பிடித்து வைக்கிறது, மண்ணில் உயிர் ஓட்டத்தைத் தொடங்கி வைக்கிறது. உரம் பற்றாதபோது இந்த மூன்று வேலையையும் வேறு வேறு பொருள்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடலாம். சத்துக்குப் புண்ணாக்கு, பொலபொலப்புக்கு வேரும், மண்மேல் பரப்பும் சருகு, தழை போன்ற மூடாக்கும். இருக்கும் கொஞ்ச உரம் உயிர் ஓட்டத்துக்கு மட்டும் போதும். உங்கள் பாத்தியில் எந்த வேலை நடக்கவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் முக்கியம். அதை அறிகுறி சொல்லிவிடும்.

தொடங்கும் முன் ஒரு டம்ளர் தண்ணீர்

பாத்தியிலிருந்து நெல்லிக்காய் அளவு மண்கட்டி ஒன்றை எடுத்து நிழலில் நன்றாகக் காய வையுங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் சுத்தமான தண்ணீர் ஊற்றி, கட்டியை மெதுவாக உள்ளே இறக்குங்கள். கலக்க வேண்டாம், பார்த்துக்கொண்டிருங்கள்.

கட்டி பத்து நிமிடம் கழித்தும் அப்படியே இருந்தால் மண்ணின் கட்டமைப்பு நன்றாக இருக்கிறது. உங்கள் சிக்கல் சத்துக் குறைவாக இருக்கலாம். குமிழி விட்டுக்கொண்டு ஒரே நிமிடத்தில் சரிந்து குவியலானால் மண்ணில் பசை இல்லை. அங்கே புண்ணாக்கு மட்டும் போட்டுப் பயனில்லை. கட்டியைச் சுற்றித் தண்ணீர் பால் கலந்ததுபோல் கலங்கினால் அது வேறு கதை, அதைக் கீழே சொல்கிறேன். கட்டி உதிர்ந்து, மணல் மணலாக அடியில் தங்கித் தண்ணீர் தெளிவாகவே இருந்தால் உங்களுடையது மணல் பாங்கான மண்.

இந்த ஒரு சோதனையைச் செய்துவிட்டு மேலே படித்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அறிகுறி: அடி இலைகள் வெளுத்து மஞ்சளாகின்றன, செடி வளராமல் நிற்கிறது

தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், குறைவு. தழைச்சத்து செடிக்குள் நகரும் சத்து. பற்றாக்குறை வந்தால் செடி பழைய இலையிலிருந்து எடுத்துத் தளிருக்குக் கொடுக்கும், அதனால்தான் அடி இலை முதலில் வெளுக்கிறது. ஆனால் உடனே உரம் தேடி ஓடாதீர்கள். கடந்த ஓரிரு மாதங்களில் காய்ந்த சருகு, வைக்கோல், மரத்தூள், அரைகுறையாக மக்கிய கழிவு எதையாவது மண்ணுக்குள் கொத்திக் கலந்தீர்களா?

கலந்திருந்தால், சத்தை எடுத்துக்கொண்டது அதுதான். எனக்கு இது நடந்திருக்கிறது. உரம் பற்றாத ஒரு பருவத்தில் மூட்டை மூட்டையாக மரத்தூள் கொண்டுவந்து பாத்தியில் கலந்தேன். மண் பார்க்க மிருதுவாக, அழகாக இருந்தது. வெண்டை மட்டும் இரண்டு மாதம் ஒரு சாண் உயரத்திலேயே நின்றது. நுண்ணுயிர்கள் ஒரு பொருளைச் சிக்கலின்றி மக்கச் செய்ய, அதில் 25 முதல் 30 பங்கு கரிமத்துக்கு (கார்பன்) ஒரு பங்கு தழைச்சத்து இருக்க வேண்டும். புதிதாக வெட்டிய புல்லில் ஒரு பங்கு தழைச்சத்துக்குக் கரிமம் 20 பங்கை ஒட்டி இருக்கும். காய்ந்த சருகில் 50, 60. வைக்கோலில் 80 அளவு. மரத்தூளிலோ பல நூறு. அத்தனை கரிமத்தைச் செரிக்கத் தேவையான தழைச்சத்தை நுண்ணுயிர்கள் மண்ணிலிருந்துதான் எடுத்தாக வேண்டும், செடிக்கு மிச்சம் இருக்காது.

இப்படி ஆகிவிட்டால் கலந்ததைத் தோண்டி எடுக்க முடியாது. சதுர மீட்டருக்கு 100 கிராம் கடலைப் புண்ணாக்கு சேர்த்துத் தண்ணீர் விடுங்கள், மூன்று வாரம் கழித்துத் தளிரைப் பாருங்கள். தளிர் இன்னும் வெளிறி இருந்தால் அதில் பாதி அளவு இன்னொரு முறை. இனிமேல் காய்ந்த பொருள் எதுவானாலும் மண்ணுக்கு மேலே மட்டும். மேலே கிடந்தால் மண்ணைத் தொடும் மெல்லிய அடுக்கில் மட்டும்தான் இந்தப் பறிப்பு நடக்கும், வேர் இருக்கும் ஆழத்தை அது எட்டாது.

எதையும் கலக்கவில்லை என்றால் இது வெறும் பற்றாக்குறைதான். இங்கே மக்கு உரம் இல்லையே என்று வருந்தத் தேவையே இல்லை. மக்கு உரத்தில் இருக்கும் தழைச்சத்தில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் முதல் ஆண்டில் செடிக்குக் கிடைக்கும், மீதி மெல்ல மெல்ல வரும். கடலைப் புண்ணாக்கில் தழைச்சத்து சுமார் 7 சதவீதம், அதில் பெரும்பகுதி சில வாரங்களில் செடிக்குக் கிடைத்துவிடும். சத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், கையளவு புண்ணாக்கு ஒரு பெரிய கூடை மக்கு உரத்தின் அந்தப் பருவ வேலையைச் செய்துவிடுகிறது. வேப்பம் புண்ணாக்கில் இன்னும் குறைவு, 4 முதல் 5 சதவீதம். அது சற்று மெதுவாகவும் கரையும்.

போடும் விதம்: தூளாக்கி, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வட்டமாகத் தூவி, மேல் மண்ணோடு லேசாகக் கிளறி, மூடாக்கை இழுத்து மூடுங்கள். குவியலாகப் போட்டால் பூஞ்சை பிடிக்கும், எறும்பும் எலியும் வரும்.

அறிகுறி: தளிர் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

இது மேலே சொன்னதற்கு நேர் எதிர். இரும்புச் சத்து செடிக்குள் அவ்வளவாக நகராது, அதனால் குறை தளிரில் தெரியும். மண்ணில் இரும்பு இல்லாமல் போவது அபூர்வம். மண் காரமாக இருப்பதால் வேர் அதை எடுக்க முடிவதில்லை. காய்ந்த மண்ணில் கொஞ்சம் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது. அடுப்புச் சாம்பல், முட்டை ஓட்டுத் தூள், சுண்ணாம்பு போடுகிற பழக்கம் இருந்தால் உடனே நிறுத்துங்கள். உரம் பற்றாதவர்கள் பெரும்பாலும் சாம்பலைத்தான் நாடுகிறார்கள், ஆனால் அது அமில மண்ணுக்கு மட்டும் ஏற்றது. அங்கேயும் ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 50 முதல் 70 கிராம் போதும். நிற்கும் பயிரைக் காப்பாற்ற இரும்புச் செலேட் (செடி எளிதில் எடுக்கும் வடிவில் உள்ள இரும்பு) கரைசலைப் பொட்டலத்தில் உள்ள அளவுப்படி இலைமேல் தெளிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: வேர்ப்பகுதியில் தண்ணீர் தேங்கினாலும் தளிர் இப்படி வெளிறும். தெளிப்பதற்கு முன் விரலை மண்ணில் விட்டு ஒரு முறை பாருங்கள்.

அறிகுறி: மேல் மண் பொருக்கு கட்டுகிறது, தண்ணீர் தேங்குகிறது, காய்ந்தால் வெடிக்கிறது

மக்கு உரம் இல்லாமல் சரிசெய்யக் கடினமானது இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

முதலில் செய்யக் கூடாதவை. களிமண்ணில் மணலைக் கொட்டாதீர்கள். பாதிக்குப் பாதி அளவு மணல் கலந்தாலொழிய மண் இளகாது. அதற்குக் குறைவாகக் கலந்தால் மணல் பரல்களைக் களி சுற்றிப் பிடித்துச் சாந்துபோல் இறுகிவிடும். ஈரமாக இருக்கும்போது கொத்தாதீர்கள், பாத்திக்குள் மிதிக்காதீர்கள். ஒரு பிடி மண்ணை உருட்டிப் பாருங்கள். உருண்டை விரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிராமல் நசுங்கினால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள்.

டம்ளர் சோதனையில் தண்ணீர் பாலாகக் கலங்கியதா? அப்படியானால் மண்ணில் சோடியம் அதிகமாக இருக்க வாய்ப்புண்டு. சோடியம் களித்துகள்களை ஒன்றோடொன்று சேரவிடாமல் பிரித்துவைக்கும். இந்த மண்ணுக்கு ஜிப்சம் உண்மையிலேயே உதவும், ஆனால் அளவை மண் பரிசோதனை பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தண்ணீர் கலங்காமல் கட்டி மட்டும் சரிந்தால் ஜிப்சத்துக்கு அங்கே வேலையில்லை.

கட்டி சரிகிற மண்ணுக்குத் தேவை பசை. அந்தப் பசையை வேரும், பூஞ்சை இழைகளும், மண்புழுவும் சேர்ந்து உண்டாக்குகின்றன. மக்கு உரத்தை வெளியே செய்து சுமந்துகொண்டு வருவதற்குப் பதிலாக, அந்த இடத்திலேயே வளர்த்துவிடலாம். அதுதான் பசுந்தாள் உரம். பாத்திகளில் ஒன்றை, அல்லது ஒரு பாத்தியில் பாதியை, ஒரு பருவம் காய்கறியிலிருந்து விடுவித்துவிடுங்கள். வெப்பமான காலத்தில் சணப்பை, தக்கைப்பூண்டு, தட்டைப்பயறு. குளிர் காலத்தில் க்ளோவர், வெட்ச். நெருக்கமாக விதைத்து விடுங்கள். முதல் பூ தெரிகிற சமயத்தில் வெட்டுங்கள். சணப்பைக்கும் தக்கைப்பூண்டுக்கும் அது 45 முதல் 50 நாள். அதற்குமேல் விட்டால் தண்டு நாராகிவிடும், மக்கத் தாமதமாகும். காய் பறித்துக்கொண்டு மிச்சத்தை உழலாம் என்று நினைக்காதீர்கள், தழைச்சத்தில் பெரும்பகுதி விதையோடு போய்விடும்.

வெட்டும் முன் ஒரு செடியை மண்வெட்டியால் வேரோடு எடுத்துத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். வேரில் கடுகு முதல் மிளகு வரை அளவில் முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக, பச்சை இறைச்சி நிறத்தில் இருந்தால் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் வேலை நடக்கிறது என்று பொருள். வெள்ளை நிறமாகவோ பச்சை நிறமாகவோ இருந்தால் நடக்கவில்லை. முடிச்சே இல்லையென்றால் அந்த மண்ணில் ஏற்ற ரைசோபியம் (இந்த முடிச்சுகளை உண்டாக்கும் பாக்டீரியா) இல்லாமல் இருக்கலாம், அடுத்த முறை விதையை ரைசோபியம் உயிர் உரத்தில் புரட்டி விதையுங்கள்.

வெட்டியதைக் கொத்தி மண்ணில் கலந்தால் இரண்டு மூன்று வாரம் விட்டு நடவு செய்ய வேண்டும், இல்லையென்றால் அழுகும் தழை நாற்றின் வேரையும் கெடுக்கும். கலக்காமல் தரையோடு அறுத்து அங்கேயே பரப்பிவிடுவது எனக்குப் பிடித்த முறை. வேர் மண்ணுக்குள்ளேயே மக்கி, அது இருந்த தடம் முழுக்கக் காற்றும் தண்ணீரும் போக வழியாகிவிடும். நாற்றை அந்தத் தழையை விலக்கி நடலாம்.

ஒரு பருவம் விட முடியாதவர்கள் மூடாக்கிலாவது விடாமல் இருங்கள். பொருக்கு கட்டுவது பெரும்பாலும் மழைத்துளியும் பூவாளித் தண்ணீரும் வெறும் மண்மேல் விழுந்து அடிப்பதால்தான். ஐந்து முதல் எட்டு செ.மீ. சருகு மேலே இருந்தால் அந்த அடி நின்றுவிடும். பெரிய இலைகளை நொறுக்கிப் போடுங்கள், முழு இலை ஒன்றின்மேல் ஒன்று படிந்து தகடாகித் தண்ணீரை உள்ளே விடாது.

அறிகுறி: எவ்வளவு தண்ணீர் விட்டாலும் மறுநாளே வாடுகிறது

மணல் பாங்கான மண். இங்கே உரத்தை மொத்தமாகப் போட்டால் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். மேலே சொன்ன புண்ணாக்கு அளவை நான்காகப் பிரித்து, பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை கொடுங்கள். ஈரம் பிடிக்க இலைமக்கு மிக நல்லது. சருகை ஒரு மூலையில் குவித்து, நனைத்து, ஆறு மாதம் முதல் ஒரு வருடம் விட்டுவிட்டால் கறுத்து நொறுங்கும் பொருளாகிவிடும். சத்து அதிகம் இருக்காது, ஆனால் தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும். தென்னை நார்க்கழிவும் ஈரம் பிடிக்கும். அதில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று முறை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே போடுங்கள்.

அறிகுறி: விதை முளைக்கவில்லை, நாற்றின் இலை நுனி கருகுகிறது, மண்மேல் வெள்ளைப் படிவு

போதாது என்ற பயத்தில் அளவுக்கு மீறிப் போட்டதன் விளைவு இது. பச்சைக் கோழி எரு, விதைக்குப் பக்கத்தில் போட்ட புண்ணாக்கு, கழுவாத நார்க்கழிவு என்று ஏதாவது ஒன்று இருக்கும். வடிகால் இருந்தால் பாத்தியை இரண்டு மூன்று முறை ஆழமாக நனைத்து உப்பைக் கீழே இறக்குங்கள், பத்து நாள் விட்டு மறுபடி விதையுங்கள்.

பச்சை எரு விஷயத்தில் இன்னொன்று. அதில் நோய்க்கிருமிகள் இருக்கலாம். மண்ணைத் தொடும் கீரை, கேரட் போன்றவற்றுக்கு எரு போட்டதற்கும் அறுவடைக்கும் இடையே 120 நாள், மண்ணைத் தொடாத காய்களுக்கு 90 நாள் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க இயற்கை வேளாண் விதி. எங்கே இருந்தாலும் பின்பற்றத் தகுந்தது.

அறிகுறி: எரு வாங்கிப் போட்டபின் தளிர் சுருண்டு கிண்ணம்போல் மடங்குகிறது

உரம் பற்றாதவர்கள் வெளியிலிருந்து எருவோ வைக்கோலோ வாங்குவது இயல்பு. ஒரு முறை நான் வாங்கிய எருவைப் போட்ட பாத்தியில் மட்டும் தக்காளித் தளிர்கள் பெரணிச் செடிபோல் உள்நோக்கிச் சுருண்டன, அவரையும் அப்படியே. பக்கத்துப் பாத்தியில் ஒன்றும் இல்லை. மேய்ச்சல் நிலத்தில் அகன்ற இலைக் களைகளுக்குத் தெளிக்கும் அமினோபைரலிட், குளோபைரலிட் போன்ற களைக்கொல்லிகள் மாட்டின் வயிற்றில் சிதையாமல் சாணத்தில் வந்துவிடும், மக்கும் குவியலிலும் எளிதில் அழியாது. வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் வைரஸும் தக்காளி இலையைச் சுருட்டும். ஆனால் அது இங்கொன்றும் அங்கொன்றுமாக வரும். எரு விழுந்த இடத்தில் மட்டும், தக்காளியோடு அவரையும் சேர்ந்து சுருண்டால் எருவைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இனி எந்த எரு வந்தாலும் பாத்திக்குப் போகும் முன் மூன்று தொட்டியில் எருவும் மண்ணும் சரிபாதி கலந்தும், மூன்று தொட்டியில் வெறும் மண்ணிலும் அவரை விதை போடுங்கள். மூன்று வாரத்தில் தெரிந்துவிடும். சுருண்டால் அந்த எருவைக் காய்கறிக்கு அருகே கொண்டுவராதீர்கள். ஏற்கெனவே போட்டுவிட்ட பாத்தியில் மக்காச்சோளம் போன்ற புல் இனப் பயிரை வையுங்கள், அவற்றை இது தாக்காது. அவரை சோதனையில் தேறும்வரை அங்கே தக்காளி வேண்டாம். அங்கே வெட்டும் தழையையும் மக்கும் குவியலில் சேர்க்காதீர்கள்.

அறிகுறி: செடி காடாக வளர்கிறது, காய் இல்லை. அல்லது தக்காளியின் அடி கறுக்கிறது

முதலாவது தழைச்சத்து மிகுதி. புண்ணாக்கை நிறுத்துங்கள், வேறொன்றும் வேண்டாம். இரண்டாவதை எல்லோரும் சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று முட்டை ஓட்டைத் தூவுகிறார்கள். பெரும்பாலும் மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. ஒரு நாள் வறட்சி, ஒரு நாள் வெள்ளம் என்று தண்ணீர் மாறி மாறிப் போவதால் அது காய்க்குப் போய்ச் சேர்வதில்லை. மூடாக்கு போட்டு ஒரே சீராகத் தண்ணீர் விடுங்கள்.

அப்படியானால் இருக்கிற கொஞ்சம் மக்கு உரத்தை எங்கே போடுவது?

வேர் முதலில் தொடும் இடத்தில். பத்து லிட்டர் வாளி ஒன்று இருந்தால் குழிக்கு அரை லிட்டர் வீதம் இருபது நாற்றுகளுக்கு வரும். குழி மண்ணோடு கலந்து நடுங்கள். விதை போடும் பாத்தியில் வரிசைக்கு மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு. நாற்றங்கால் மண்ணுக்குக் கொஞ்சம். ஒரு பிடியை எடுத்துச் சருகு மூடாக்கின் அடியில் தூவுங்கள், சருகு மக்கும் வேலையை அதிலுள்ள உயிர்கள் தொடங்கும். உரத்தைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் பெருகும் என்று நினைக்காதீர்கள். ஒரு வாளி உரத்தில் இருக்கும் சத்து ஒரு வாளிச் சத்துதான்.

தொட்டியில் சேர்க்க நினைத்த சமையல் கழிவையும் நேரடியாகப் பாத்திக்கே கொண்டுபோகலாம். வரிசைகளுக்கு நடுவே 25 முதல் 30 செ.மீ. ஆழத்தில் சின்னக் குழி, அதில் அன்றைய கழிவு, மேலே மண். இறைச்சியும் எண்ணெயும் வேண்டாம், விலங்குகள் தோண்டும். குவியலில் காற்றிலும் மழையிலும் வீணாகும் சத்து இங்கே பக்கத்து வேருக்கே போய்விடும். அடுத்த குழியை அடுத்த அடியில் வெட்டுங்கள். ஒரு பருவத்துக்குள் நடு வரிசை முழுக்கச் சுற்றி வந்துவிடலாம், அடுத்த பருவத்தில் அந்த வரிசையிலேயே நடலாம்.

ஆறு மாதம் கழித்து மறுபடி டம்ளரை எடுங்கள். இந்த முறை இரண்டு டம்ளர்: ஒன்றில் நடைபாதையிலிருந்து எடுத்த கட்டி, இன்னொன்றில் மூடாக்கின் அடியிலிருந்து எடுத்தது. என் தோட்டத்தில் பாதைக் கட்டி நான் கையை எடுப்பதற்குள் கரைந்து அடியில் படிந்தது. மூடாக்கு மண்ணின் கட்டியிலிருந்து ஓரிரண்டு குமிழிகள் மேலே வந்தன, ஒரு ஓரம் லேசாக உதிர்ந்தது, மீதி அப்படியே நின்றது. தூக்கிப் பார்த்தபோது மயிர்போன்ற வெள்ளை வேர் ஒன்று அதற்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வந்திருந்தது.